சின்னையா மண்டோரின் கடைசிப் பல்வலி

1976 ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்றரை.

சுங்கை மெராந்தி ரப்பர் தோட்டம், தொழிலாளர் குடியிருப்பின் மூன்றாவது லயம், கடைசி வீடு. தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் சின்னையா மண்டோர் நடுவீட்டில் மல்லாந்து கிடந்தார். செமோர் போலீஸ் நிலையத்திலிருந்து டிடெக்டிவ் கார்ப்பரல் அப்பாவு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது உடம்பில் சூடு இன்னும் முழுதாக ஆறியிருக்கவில்லை.

அது மண்டோருடைய முகமாகவே இல்லை. உதடு இரண்டும் தடித்துப் பிதுங்கியிருந்தன. இமை வீங்கி மூடியிருந்தது. கழுத்திலும் வயிற்றிலும் பூரான் ஊர்ந்த மாதிரித் தடிப்புத் தடிப்பாக இருந்தது. கைக்கடிகாரத்தின் பட்டை சதைக்குள் புதைந்துபோயிருந்தது. கால்சட்டையின் மேல் பொத்தான் கழன்றிருந்தது. சட்டை ஒரு பக்கம் ஒழுங்காகச் செருகியபடி, மற்றப் பக்கம் வெளியே தொங்கியது.

மேசைமேல் ஒரு கிளாஸ் கோப்பி. பாதிதான் இருந்தது. அப்பாவு குனிந்து மோந்தார். மூக்கைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தார். புல்லுக்கு அடிக்கிற மருந்து. தோட்டத்தில் பிறந்தவருக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது.

"கோப்பெங்காரி பொண்டாட்டி வேலையக் காட்டிட்டாளே! வந்து ரெண்டு வருசம்கூட ஆகல!"

"மருந்து அடிக்கிற கைதானே? ஊத்துறதுக்கு என்ன கஷ்டம்!"

அப்பாவு கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பிணத்தின் உதட்டை விலக்கினார். பல் இறுகியிருந்தது. வலப்பக்கக் கீழ்த்தாடையில் மடித்த துணிப்பஞ்சு ஒன்று கடிபட்டபடியே இருந்தது. நடுவில் லேசாக ரத்தச் சிவப்பு. மற்ற இடமெல்லாம் வெள்ளை. நாக்கு வீங்கியிருந்ததே தவிர வெந்து புண்ணாகியிருக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி விட்டுவிட்டு எழுந்தார்.

செத்தவரின் மனைவி செல்லாயி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். மண்டோரின் முதல் மனைவி இறந்தபிறகு கோப்பெங்கிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இரண்டாம் தாரம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெளிக்காட்டில் புல் மருந்து அடிக்கிற வேலை. மடியில் ஒரு வயசுப் பெண்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. அதுவும் வாசலில் ஒரு குற்றமாகப் பேசப்பட்டது.

"என்னம்மா நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

"ரெண்டு வாரமாப் பல்லுவலிங்க. காலையில பஸ் ஏறி ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனாரு. வரும்போது ரெண்டரை இருக்கும். வாசல்லயே ரத்தம் துப்புனாரு. சட்டைப் பையிலேர்ந்து பஞ்ச எடுத்து வச்சுக் கடிச்சுக்கிட்டாரு. நான் கோப்பி கலக்கி நீட்டுனேன். கையாலேயே வேணாம்னாரு. ஆறட்டும்னு வச்சுட்டு, பிள்ளையக் கூப்பிட ஆயாக் கொட்டாய்க்குப் போயிட்டேன். வந்து பாக்குறேன், இப்படிக் கெடக்குறாரு."

"கிளாஸ்ல எவ்வளவு ஊத்துன?"

"நெறயா. எப்பவும் நெறயாத்தான் குடிப்பாரு."

"இப்பப் பாதிதான் இருக்கு."

அவள் கிளாஸைப் பார்த்தாள். பிறகு அப்பாவுவைப் பார்த்தாள். "அவரு குடிக்கலீங்க" என்றாள்.

"வீட்டுல புல் மருந்து வச்சிருக்கியா?"

"அந்தச் சன்னலுக்கு மேல ஒரு போத்தல்ல இருக்கு. லயத்துல எல்லார் வீட்டுலயும் இருக்கும் சார். பாம்பு வருதுன்னு வீட்டச் சுத்திப் புல்லுக்கு அடிப்போம்."

பக்கத்து வீட்டு நல்லம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். பால்வெட்டுக்காரி. கேட்காமலே பேசுகிற வாய்.

"சார், நேத்து ராத்திரி ரெண்டு பேருக்கும் சண்டை. என் காதாலயே கேட்டேன்."

"என்ன சண்டை?"

"ஈப்போ போகாதன்னு இவ. போவேன்னு அவரு. அதுக்குப் போயி சண்டை போடுவாளா ஒருத்தி? உள்ள வேற என்னமோ இருக்குலா."

"இவ கூச்சல் போட்டதும் மொத ஆளா ஓடி வந்தது யாரு?"

"நாந்தான். அப்புறம் லயமே வந்துருச்சு. தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஐயாவுக்கு ஆள் விட்டோம். வந்தாரு. எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு, கதவ சாத்தி நல்லாப் பார்த்தாரு. வெளிய வந்து, 'முடிஞ்சு போச்சு, கோப்பி கிளாஸை யாரும் தொடாதீங்க, போலீசைக் கூப்பிடுங்க'ன்னாரு. படிச்ச மனுசன், பாத்த உடனே கண்டுபிடிச்சுட்டாருல்ல!"

மாலை ஐந்து மணி.

தோட்ட ஆஸ்பத்திரி, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே, தோட்டத்தின் வாயிலில் இருந்தது. டிரெஸ்ஸர் கார்த்திகேசு அங்கேதான் குடியிருப்பு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். தைப்பிங்கில் பிறந்து, முப்பது வருஷமாக இந்தத் தோட்டத்துக்கு மருந்து கொடுப்பவர். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் இவர்தான் டாக்டர்.

வாசலில் ஒரு கிழவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "இந்தச் சளிக்கு மாத்திரை வேணாம்ங்கய்யா. வெள்ளை ஊசி ஒண்ணு போட்டுவிடுங்க. அது ஏறுனாத்தான் எனக்குக் கேக்கும்."

"தடிமனுக்கெல்லாம் வெள்ளை ஊசியோ? போம், போய்ச் சுடுதண்ணி குடியும்." கார்த்திகேசு அவரை அனுப்பிவிட்டு அப்பாவுவை உள்ளே அழைத்தார். வெள்ளைக் கால்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை.

"மண்டோரை நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"முந்தாநாள், காலமை பேர் கூப்பிடுற பெரட்டில. இண்டைக்குக் காணவே இல்லை. ஆள் வந்து கூப்பிட்டபிறகுதான் போனன். உயிர் இல்லை."

"வீக்கத்தப் பாத்தீங்களா?"

"விஷம் எண்டால் வீங்காதோ கார்ப்பரல்? அதுவும் ரெண்டு பல்லைப் பிடுங்கி ரத்தம் போன உடம்பு. எப்பிடித் தாங்கும்? பாவம், நல்ல மனுசன்."

"பொண்டாட்டி எப்படி?"

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனம் சொல்லுறதைத்தான் நானும் கேட்டன்."

இருட்டுவதற்குள் செல்லாயியை ஜீப்பில் ஏற்றினார்கள். குழந்தையை வாங்க லயத்தில் ஒருத்தரும் கை நீட்டவில்லை. கடைசியில் நல்லம்மாள்தான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "பிள்ளை என்னா பாவம் பண்ணுச்சு" என்று யாரையோ திட்டுவதுபோலச் சொன்னாள்.

வியாழக்கிழமை, காலை.

இன்ஸ்பெக்டர் ஹாஷிம் நல்லவர், ஆனால் அவசரக்காரர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிமாண்ட் முடிகிறது, அதற்குள் கொலைக் குற்றம் சாட்டப் போகிறேன் என்று மலாயில் சொல்லிவிட்டார். கோப்பியில் மருந்து இருக்கிறது, வீட்டில் போத்தல் இருக்கிறது, சண்டை நடந்ததற்குச் சாட்சி இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? குற்றம் உறுதியானால் கயிறுதான்.

அப்பாவு லாக்கப் கம்பிக்கு இந்தப் பக்கம் குந்தினார். இரண்டு நாளாகப் பால் கட்டி, செல்லாயியின் ரவிக்கை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது. அவள் கையால் மறைத்துக்கொண்டாள்.

"ஈப்போ போகாதன்னு ஏன் சண்டை போட்ட?"

"அவருக்குப் பல்லு ஊசி ஆகாது சார். என்னைக் கட்டுன புதுசுல, தோட்டத்துக்கு வந்த பல்லுக்காரன் ஒருத்தன் ஊசி போட்டான். அங்கேயே வீங்கி, மூச்சு நின்னு, பொழச்சதே பெருசு. டிரெஸ்ஸர் ஐயாதான் எதிர் ஊசி போட்டுக் காப்பாத்துனாரு. அதுலேர்ந்து ஊசின்னாலே ஓடுவாரு. அதான் போகாத, கைமருந்து பாத்துக்கலாம்னேன்." அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை என்ன குடிக்குது?"

"டின் பால் குடுக்குறாங்களாம்."

"அது சேராது அதுக்கு" என்றாள்.

காலை பதினொன்று.

ஈப்போ அரசாங்கப் பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் புனிதவதி சின்னையாவை நன்றாக நினைவு வைத்திருந்தார். நெற்றியில் சின்னப் பொட்டு, வேகமான பேச்சு. செய்தியைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என் ஊசியால என்டு சொல்லுறாங்களா?"

"இல்ல டாக்டர். பொண்டாட்டி விஷம் வச்சான்னு சொல்றாங்க. நான் உங்ககிட்ட கேக்க வந்தேன். அவருக்குத்தான் பல்லு ஊசி ஆகாதாமே?"

"நடுங்கிக்கொண்டுதான் வந்தவர். முதல் நடந்ததை எல்லாம் சொன்னவர். அந்தப் பல்லுக்காரன் போட்டது புரோக்கேன், பழைய மருந்து. சிலபேருக்கு அது ஒத்துக்கொள்ளாது. நான் போட்டது லிக்னோக்கேன். பேர் ஒரே மாதிரி இருந்தாலும் சாதி வேற. முதல்ல ஒரு துளி போட்டு அரை மணித்தியாலம் உட்கார வைத்துப் பார்த்தன். ஒன்றும் இல்லை. பிறகுதான் முழு ஊசி. பதினொரு மணிக்குச் சிரித்துக்கொண்டு போனவர். என்ட ஊசியென்டால் இந்த அறையிலேயே விழுந்திருப்பார்."

"எந்தப் பல்லு பிடுங்குனீங்க?"

"வலப்பக்கம், கீழ்க்கடைவாய். ஒன்றுக்குத்தான் வந்தவர். வாயைத் திறந்து பார்த்தால் பக்கத்துப் பல்லும் அடிவரைக்கும் சொத்தை. விறைப்பு இருக்கும்போதே இரண்டையும் எடுத்திடுவோமா என்டு கேட்டன். சரி என்டார்."

அப்பாவு அதைக் குறித்துக்கொண்டார்.

"சாப்பாடு, தண்ணி?"

"அன்டைக்குப் பூராச் சூடா ஒன்றும் குடிக்கக் கூடாது, ரத்தம் வந்தால் புதுப் பஞ்சைக் கடிக்க வேணும் என்டு சொல்லி, கையில இரண்டு மூன்று கொடுத்து விட்டன்."

"ஊசி கீசி ஏதும் எழுதிக் குடுத்தீங்களா?"

"வலி மாத்திரை மட்டும். 'ஊசி இல்லையா டாக்டர்' என்டு குறையாகக் கேட்டார்." புனிதவதி வருத்தத்தோடு சிரித்தார். "வரும்போது ஊசிக்குப் பயந்த மனுசன், போகும்போது ஊசி கேட்கிறார்."

அப்பாவு எழுந்தார். கதவருகே நின்றார். "அந்தப் பழைய மருந்து இருக்கே, அது பல்லுக்கு மட்டும்தானா டாக்டர்?"

"இல்லையே. குத்துற இடத்தில வலி தெரியாமல் இருக்க வேற ஊசிகளிலும் கலக்கிறது உண்டு." எது என்று கேட்டார் அப்பாவு. டாக்டர் சொன்னார். பிறகு அவரை உற்றுப் பார்த்தார். "கார்ப்பரல், உங்கட இடது கன்னம் வீங்கியிருக்கே. எத்தனை நாளா?"

"அது ஒண்ணுமில்ல டாக்டர். வெத்தலை" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். அவர் வெற்றிலை போடுவதே கிடையாது.

அங்கிருந்து நேரே பெரிய ஆஸ்பத்திரியின் பிண அறைக்குப் போனார். வயிற்றிலிருந்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியாயிற்று, பதில் வர வாரக்கணக்காகும் என்றார்கள். "அது வேணாம். உடம்பைக் கவுத்துப் போட்டுக் காட்டுங்க" என்றார் அப்பாவு. வலது இடுப்புக்குக் கீழே, சதையில், ஊசி ஏறின புள்ளி ஒன்று இருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தடித்திருந்தது. அங்கிருந்த டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் அதை எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது.

அப்பாவு முதலில் லயத்துக்குப் போனார். மண்டோர் வீட்டின் பின்பக்கம், சன்னலுக்கு நேர் கீழே, செல்லாயி போட்டிருந்த கீரைப்பாத்தி. பாத்தி முழுக்கப் பச்சை. சன்னலுக்கு நேராக மட்டும், வாளித் தண்ணீரை வீசினால் எப்படிப் பரவுமோ அப்படி, கீரை பழுப்பாகச் சுருண்டு கருகியிருந்தது.

நல்லம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இதென்னா இப்படிக் கெடக்கு? செவ்வாக்கிழமை காலையில நாந்தானே இதுல ஒரு கட்டுப் பறிச்சேன்!"

"கேட்டுப் பறிச்சியா?"

"அவகிட்ட எதுக்குக் கேக்கணும்? அவளே பறிச்சுக்க அக்கான்னு சொல்லுவாளே" என்றவள், சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நிறுத்திக்கொண்டாள்.

"புல் மருந்து பட்டா இலை எப்பக் கருகும்?"

"வெயில் அடிச்சா மறுநாளோ அதுக்கு மறுநாளோ." அவள் சன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

தோட்ட ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவு கதவைச் சாத்தினார். கார்த்திகேசு எழுந்து நின்றார்.

"உக்காருங்க ஐயா. மண்டோர் எத்தனை பல்லு பிடுங்கிக்கிட்டாரு?"

"ரெண்டு. ஏன்?"

"போகும்போது ஒரு பல்லுக்குத்தான் போனாரு. ரெண்டாவதப் பிடுங்கலாம்னு ஈப்போவுல நாற்காலியில வச்சுத்தான் முடிவு பண்ணாங்க. பொண்டாட்டிக்கே தெரியாது. அவரு வீட்டுக்கு வந்து பேசவே இல்ல. செத்தபிறகு வாயத் தொறந்து பாத்தீங்களா?"

"ஓம், பார்த்தன்."

"அப்ப என்னா இருந்துச்சு உள்ள?"

கார்த்திகேசு மருந்து அலமாரியைப் பார்த்தார்.

"பஞ்சு இருந்துச்சு ஐயா. வெள்ளைப் பஞ்சு, பல்லுக்கு நடுவுல கடிச்சபடியே. அரைக் கிளாஸ் கோப்பி குடிச்சிருந்தா அது கறுத்திருக்கும், இல்லாட்டி எடுத்து வச்சிருப்பாரு. நாக்கும் வேகல. புல் மருந்து குடிச்சவங்கள நீங்களும் பாத்திருக்கீங்க, நானும் பாத்திருக்கேன். நாள் கணக்குல கெடந்து சாவாங்க. முகம் வீங்கி அரை மணியில சாவ மாட்டாங்க. மண்டோர் ஒரு சொட்டுக் கோப்பி குடிக்கல. பாதிக் கோப்பி சன்னல் வழியாப் போச்சு. மருந்தோட சேர்ந்து போனதால கீரை கருகிக் கெடக்கு. ஊத்தினவரு உள்ளேர்ந்துதான் ஊத்தியிருக்காரு. செல்லாயி கூச்சல் போட்டதும் வீடு நெறய ஆளு. அப்புறம் கதவச் சாத்திக்கிட்டுத் தனியா இருந்தது ஒருத்தர்தான்."

வெளியே யாரோ இருமினார்கள்.

"மூச்சு முட்டிப் பொத்தானைக் கழட்டிக்கிட்டாருன்னுதான் நானும் மொதல்ல நெனச்சேன். மூச்சு முட்டுறவன் கழுத்துப் பொத்தானைத்தான் கழட்டுவான். இடுப்புல எதுக்குக் கழட்டணும்? ரெண்டு பல்லுன்னு அவரே சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும்; பஸ்ஸைவிட்டு இறங்கி இங்கதான் வந்தாரு. ஈப்போவுல ஊசி போட்டும் தனக்கு ஒண்ணும் ஆகலங்குற சந்தோஷத்துல வந்தாரு. டாக்டர் மாத்திரைதான் குடுத்தாங்க. இந்தத் தோட்டத்துல ஊசி ஏறாத வைத்தியம் வைத்தியமா? வெள்ளை ஊசி கேட்டாரு. நீங்க போட்டீங்க. அந்தப் பென்சிலின் ஊசியில என்னா கலந்திருக்கு ஐயா?"

"புரோக்கேன்" என்றார் கார்த்திகேசு, மிக மெதுவாக.

"பல்லுக்காரன் போட்ட அதே மருந்து."

"ஓம். போத்தலிலேயே எழுதியிருக்கு." அவர் உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை சட்டென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. "முப்பது வருஷமாப் போடுறன். லேபிளை ஆர் வாசிக்கிறது? அந்த முதல் தரம் விழுந்தபோது மாசம் ஒருக்கா வாற பெரிய டாக்டர் எனக்குச் சொன்னவர், இவருக்கு இந்த மருந்து எந்த ரூபத்திலயும் போகக் கூடாதெண்டு. பல்லு ஊசி எண்டுதான் மனசில நிண்டது. இந்த மனுசனும், 'ஐயா, என்ர பயமெல்லாம் போயிட்டு, போடுங்க' எண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். போட்டன். ஆள் வந்து கூப்பிடேக்கை எதிர் ஊசியையும் எடுத்துக்கொண்டுதான் ஓடினன் கார்ப்பரல். முடிஞ்சிருந்தது."

"அதுவரைக்கும் தப்பு ஐயா. மனுசன் செய்யுற தப்பு. அதுக்கப்புறம் செஞ்சது?"

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் உள்ளுக்கு நிக்கிறன். வெளியில சனம் கத்துது, அவள்தான் மருந்து வச்சிட்டாள் எண்டு. நான் சொல்ல முந்தியே சொல்லுது. மேசையில கோப்பி இருக்கு. கைக்கெட்டுற தூரத்தில போத்தல் இருக்கு. அவையள் முடிவு கட்டிவிட்டினம், நான் அதுக்குச் சாட்சிதான் வச்சன்."

"அவளைத் தூக்குல போடுவாங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியும்." பிறகு சொன்னார்: "அவளுக்காகக் கேக்க ஆருமில்லை எண்டும் தெரியும்."

அப்பாவு கதவைத் திறந்தார். "ஊசி விஷயத்தை டாக்டருங்க விசாரிப்பாங்க. கோப்பி விஷயத்துக்கு என்கூட வாங்க."

வெளியே மருந்துக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். டிரெஸ்ஸருக்கு எழுந்து நிற்கிற பழக்கம். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள்.

மாலை ஐந்தரை.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. ஜீப் மூன்றாவது லயத்துக்கு வந்து நின்றபோது செய்தி முன்னாலேயே வந்திருந்தது. எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை வாய் கிழியக் கத்தியவர்களெல்லாம் கோழியை விரட்டிக்கொண்டும் துணியை மடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

நல்லம்மாள் மட்டும் குழந்தையோடு நடுவாசலுக்கு வந்தாள். குழந்தை மெலிந்திருந்தது. தாயைப் பார்த்ததும் அழாமல், இது யாரென்று யோசிப்பதுபோல் பார்த்தது. பிறகு எட்டிப் பாய்ந்தது.

"டின் பாலு சேரலடி. கக்கிக்கிட்டே இருந்துச்சு" என்றாள் நல்லம்மாள். வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "மனசுல வச்சுக்காத" என்பது பாதிதான் வெளியே வந்தது.

செல்லாயி குழந்தையின் வாயைத் துடைத்தாள். அங்கேயே, எல்லாருக்கும் எதிரில், படியில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அப்பாவு முகத்தைத் திருப்பிக்கொண்டு மரங்களைப் பார்த்தார். அவள் ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கம் மாற்றிக்கொண்டபிறகுதான் நிமிர்ந்தாள்.

"அவரு போயிட்டாரு. இனிமே பெரட்டுல யாரு பேர் கூப்பிடுறது?"

யாரோ ஓர் ஆள், புதுசா மண்டோர் போடுற வரைக்கும் ஆபீஸ் கிராணியே கூப்பிடுவாரு என்றார்.

"நாளைக்குக் காலையில நான் வருவேன். என் பேரும் கூப்பிடணும். என்கூட ஒரே நெரையில வேலை செய்யப் பயமா இருக்கிறவங்க இப்பவே சொல்லிடுங்க. இருட்டுல பின்னால நின்னு பேசாதீங்க."

அப்பாவு ஒவ்வொரு வாசலாகப் பார்த்தார். சொல்வதற்கு ஒருவரும் இல்லை, இல்லையென்று தலையாட்டவும் ஒருவரும் இல்லை.

செல்லாயி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, போலீஸ் சாத்தி வைத்திருந்த தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போனாள்.